நூற்றெண்பது லிட்டர் காற்று

பிசின் காய்ந்துவிட்டது என்று கட்டைவிரலுக்குத் தெரிந்த பிறகும் தொபியாஸ் கையை எடுக்கவில்லை. முன் இருக்கைக்கு அடியில் குனிந்து, படகின் முன்பக்கம் ஒடுங்கிக் கூராகிற அணியம் வரைக்கும் கையை நுழைத்து, அங்கே ஒட்டியிருந்த கடைசிக் கட்டியை அழுத்தியபடியே இருந்தான். ஐஸ்பெட்டிச் சுவருக்குள் அடைக்கிற மஞ்சள் நுரைதான், பஃப். அதை அறுத்து, பாலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே ஃபைபர் மேட் போட்டுப் பிசின் தடவி மூடியிருந்தான். படகுப் பட்டறையில் பதினெட்டு வருஷமாகப் பார்க்கிற வேலை, கை தானாகச் செய்யும். முன்னால் நாற்பது லிட்டர், பக்கத்துக்கு ஐம்பது, பின்னால் நாற்பது, மொத்தம் நூற்றெண்பது. ஒரு லிட்டர் பஃப்பைத் தண்ணீருக்குள் அமுக்கினால் கிட்டத்தட்ட ஒரு கிலோவைத் தூக்கிப் பிடிக்கும். படகு கவிழ்ந்து தண்ணீர் நிறைந்தாலும் இந்த நூற்றெண்பது லிட்டர் அதன் விளிம்பை வெளியே வைத்திருக்கும். விளிம்பு வெளியே இருந்தால் இறைக்கலாம். இறைத்தால் ஏறலாம், ஏறினால் கரைக்கு வரலாம். அவ்வளவுதான் விஷயம். அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டதுமே, பாலித்தீன் எங்கேயாவது கிழிந்திருந்தால் என்று வந்தது. கிழிந்தால் பஃப் ஊறும், ஊறினால் தூக்காது, ஊறியது வெளியே தெரியாது, பார்க்கிறவனுக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும். விரல் முட்டியால் தட்டினான். டக். ஒரு சாண் தள்ளித் தட்டினான். டக். அதற்கு அடுத்ததில் சத்தம் கொஞ்சம் வேறாகக் கேட்டது, திரும்பத் தட்டினால் முன்னதைப் போலவே கேட்டது. “உள்ள யாரும் இருக்காவளால?” என்றாள் பெனிட்டா. அவனுடைய அக்கா. படகின் நிழலில் மணலில் கால் நீட்டி உட்கார்ந்து, நைலான் கயிற்றின் பிரிந்த நுனியைத் தீக்குச்சியால் கருக்கிக்கொண்டிருந்தாள். நைட்டிக்கு மேல் ஓர் ஆண் சட்டை, முழங்கை வரைக்கும் மடித்துவிட்டிருந்தாள். அவள் புருஷன் சுவக்கீன் மச்சானுடைய சட்டை. போன ஐப்பசி மாதம் இதே படகு கவிழ்ந்துதான் மச்சான் போனார். கூட இருந்தவன் தொபியாஸ். அவன் வந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்து ஊர் கறிக்கடைக்கும் வீட்டுக்குமாகக் கலைந்துவிட்ட நேரம். மணல்மேட்டுக் கோயிலுக்கு அந்தப் பக்கம் கடல் இரைவது கேட்டது. இந்தப் பக்கம் கழி, மணல்திட்டு அணைத்துப் பிடித்திருக்கிற உப்புத்தண்ணீர், அலை கிடையாது, நடுவில் இரண்டாள் ஆழம். கவிழ்த்துப் பார்ப்பதற்கு மணப்பாட்டில் இதைவிட நல்ல இடம் இல்லை. இன்னாசி தன் என்ஜின் வள்ளத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்துவதாகச் சொல்லியிருந்தார், ஏதாவது ஆனால் தூக்கிப் போடுவதற்கு. ஏதாவது ஆனால் என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், பல்லில் மாட்டிய பாக்கை நாக்கால் துழாவிக்கொண்டே. பத்து மணிக்கு வருகிறேன் என்றவர் பத்தரைக்கும் வரவில்லை. கச்சான் காற்று ஏற ஆரம்பித்து, கழியின் மேல்தோல் மேற்கிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. வராமலே போனால் நல்லது. வராவிட்டால் இன்னொரு நாள் என்று சொல்லிவிடலாம், இன்னொரு நாள் அடுத்த வாரம் ஆகும், ஐப்பசி மழை வந்துவிடும், மழையில் யார் படகைக் கவிழ்த்துப் பார்க்கப்போகிறார்கள். ஆனால் பெனிட்டா பார்ப்பாள். படகை விற்றுவிடு என்று ஊரே சொன்னது. கொளுத்திவிடு என்றாள் மச்சானுடைய தங்கை. அவள் இரண்டையும் செய்யவில்லை. பதினாலடிப் பாய்ப்படகு அது. தண்ணீர் விளையாட்டு நடத்த வந்த ஒரு கூட்டம் இரண்டு வருஷம் நடத்திவிட்டு விட்டுப்போனது, மச்சான் எடுத்துப் பழுது பார்த்து நண்டு வலை போடப் போய்க்கொண்டிருந்தார். பத்து மாதம் தென்னை ஓலை மூடிக் கிடந்தது. போன மாதம் அவளே ஓலையை விலக்கிவிட்டு வந்து, “கவுந்தா மெதக்குற மாரி செய்யி. செஞ்சிட்டு நாம ரெண்டு பேரும் போவோம்” என்றாள். சரியென்று தலையாட்டினான். ஏன் ஆட்டினான் என்று அப்போதிருந்து யோசிக்கிறான். “முன்னால எத்தன லிட்டர் வச்சிருக்க?” என்று கேட்டாள் இப்போது, தீக்குச்சியை மணலில் குத்தி அணைத்துவிட்டு. “நாப்பது” என்றான். “அப்போ ரெண்டு கேன் அளவு” என்றாள். அவள் கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், உருகிய நுனியை விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள். கேன் என்று ஏன் சொன்னாள். எல்லாரும் கேன் அளவில்தானே சொல்வார்கள், மண்ணெண்ணெயிலிருந்து குடிதண்ணீர் வரைக்கும் இருபது லிட்டர் கேன்தானே அளவு. நாற்பதென்றால் இரண்டு கேன். கணக்குத்தான். வெறும் கணக்கு.

இரண்டு நீலக் கேன். மூடியைப் பிசின் வைத்து மச்சானே ஒட்டி, முன் இருக்கைக்கு அடியில் குறுக்கும் நெடுக்கும் கயிறு போட்டுக் கட்டியிருந்தார், கவிழ்ந்தால் அணியம் தாழாமல் நிற்க. பின் இருக்கைக்கு அடியில் பழைய தெர்மகோல் கொஞ்சம் கிடந்தது, அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. அன்று காலை ஐந்தரைக்கு தொபியாஸ்தான் முதலில் வந்தான். பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு மச்சானோடு கடலுக்குப் போகிற நாள். புது நண்டு வலை கூடை நிறைய இருந்தது, கூடை எங்கே வைத்தாலும் இடித்தது. கயிற்றை அவிழ்த்தான். கேன் இரண்டையும் மணலில் உருட்டிவிட்டான். கூடையை உள்ளே தள்ளினான். ஒரு பீடி பிடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. மச்சான் வந்ததும் படகைத் தள்ளினார்கள், இடுப்புத் தண்ணீரில் ஏறினார்கள், அவன் முன்னால் நின்று பாயை ஏற்றிக்கொண்டிருந்தபோது மச்சான் பின்னாலிருந்து சுக்கானை மாட்டிக்கொண்டே கேட்டார், “கேன் கட்டிருக்கால்ல?” அவன் “ம்” என்றான். பாய்க்கயிறு பல்லில் இருந்தது. பல்லில் கயிறு இருக்கும்போது வேறென்ன சொல்ல முடியும். இல்லை என்று சொல்லக் கயிற்றை எடுக்க வேண்டும், எடுத்தால் பாய் இறங்கும், இறங்கினால் திரும்பக் கரைக்குப் போய், கேனைத் தூக்கி, கூடையை வெளியே எடுத்து, மச்சானுடைய வாயில் விழுந்து, நல்ல காற்று போய்விடும். இவ்வளவும் யோசித்தா “ம்” என்றான், இல்லை. எதையும் யோசிக்கவில்லை. யாராவது ஏதாவது கேட்டால் வருகிற “ம்”. வாயைத் திறக்காமல் சொல்வது பொய்யாகுமா. பாவசங்கீர்த்தனத்துக்கு மூன்று தடவை போய் முழங்கால் போட்டிருக்கிறான், மூன்று தடவையும் பூசைக்கு வராததையும் குடித்ததையும் சொல்லிவிட்டு எழுந்து வந்தான். சாமியாரிடம் அதை எப்படிச் சொல்வது, ஒரு எழுத்து, அரை எழுத்து. போலீஸ் கேட்டபோது காற்று திடீரென்று மாறியது என்றான், உண்மைதான். ஊர்க் கமிட்டி கேட்டபோதும் அதையே சொன்னான். அக்கா மட்டும் கேட்கவே இல்லை. பதினோரு மாதத்தில் அவள் ஒரு தடவைகூட அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் எதையாவது சொல்லியிருப்பான், சொன்னது பழகியிருக்கும். கேட்காததனால் அது அப்படியே கிடக்கிறது, ஊறுகிறதா ஊறவில்லையா என்று வெளியே தெரியாமல்.

கவிழ்ந்தது ஒன்பது மணி வாக்கில். காற்று ஒரு பக்கமிருந்து அடித்துக்கொண்டிருந்தது, நின்றது, அந்த நிற்கிற நேரத்தில் கடல் முழுக்க வாயை மூடிக்கொண்டதுபோல் இருந்தது, அப்புறம் மறுபக்கமிருந்து ஒரே அறை. படகு சாய்ந்தது, சாய்ந்ததோடு நிற்காமல் முழுசாகப் புரண்டு பாய்மரம் அடியைப் பார்க்க நின்றது. படகு பக்கவாட்டில் நழுவாமலிருக்க நடு ஓட்டை வழியாக அடியில் இறக்கும் பலகை மட்டும் வயிற்றில் நட்ட கத்தி மாதிரி மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துத் தொங்கி, அதன்மேல் ஏறி நின்று, இரண்டு பேரும் எடையைப் போட்டு அரைமணி நேரத்தில் நிமிர்த்திவிட்டார்கள். நிமிர்ந்த படகைப் பார்த்து மச்சான் சிரித்தார். அப்புறம்தான் பார்த்தார்கள், அணியம் முழுக்கத் தண்ணீருக்குள் இருந்தது. விளிம்பு நாலு விரல் கீழே. ஒவ்வொரு அலையும் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிப் போனது, படகு என்ற ஒன்று அங்கே இல்லாதது மாதிரி. வாளியால் இறைத்தார் மச்சான், அவர் இறைக்க இறைக்கக் கடல் ஊற்றிக்கொண்டே இருந்தது, பலகை இறங்கும் ஓட்டை வழியாகவும் பொங்கியது. ஏறப்போனால் புரண்டது. மூன்று தடவை நிமிர்த்தினார்கள், மூன்று தடவை புரண்டது. அப்புறம் நிமிர்த்தவில்லை. கவிழ்ந்த படகின் இந்தப் பக்கம் இவன், அந்தப் பக்கம் அவர், முதுகுக்கு மேலே குறுக்காகக் கையை நீட்டி ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். முகம் தெரியாது. குரல் மட்டும் வரும். கடைவாய்ப் பல் வலிக்கிறது என்றார் ஒரு தடவை. கூரைக்கு ஓடு மாற்ற வேண்டும் என்றார். “கை வலிக்கால?” என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். நாலு மணி நேரம். அந்த நாலு விரல், அதை மட்டும் அவனுடைய மனசு விடுவதே இல்லை. கேன் இரண்டும் இருந்திருந்தால் அணியம் நாலு விரல் எழும்பியிருக்குமா. எழும்பியிருக்கும். எழும்பாமலும் இருந்திருக்கலாம். அந்தக் கணக்கை மட்டும் அவன் இன்றுவரை போட்டதில்லை. போடுவதற்குப் பேப்பர்கூட வேண்டாம், பட்டறையில் தினமும் போடுகிற கணக்கு, விடை இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும், இரண்டில் எது வந்தாலும் அதற்குப் பிறகு அவன் எங்கே போவான்.

வள்ளத்தின் சத்தம் கேட்டது. இன்னாசி வந்துவிட்டார், ஒற்றைக் காலை விளிம்பில் வைத்துக்கொண்டு, தலையில் ஈரத்துண்டு. “காத்து ஏறுதுல்லா, பெனிட்டா. நாளைக்கு வச்சிக்கிடுவமா?” என்றார். தொபியாஸ் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்து மணலைத் தட்டிவிட்டாள். “காத்து இல்லாம எப்படி அண்ணே கவுக்குறது” என்றாள். படகைத் தள்ளினார்கள். தண்ணீர் முதலில் முழங்கால், அப்புறம் இடுப்பு, வெயிலில் காய்ந்த உடம்பில் ஒவ்வொரு அங்குலமாக ஏறியது, இடுப்புக்கு வந்ததும் மூச்சு தானாக நின்றுபோனது. தண்ணீரில் இறங்கிப் பதினோரு மாதம் ஆகிறது. குளிப்பதுகூடக் குழாயடியில்தான். அக்கா ஒரே உந்தில் ஏறிவிட்டாள், அவன் கவனித்தான், காலை எங்கே ஊன்ற வேண்டும் என்று தெரிந்தவள் போல ஏறினாள். சுக்கானையும் அவளே பிடித்துக்கொண்டாள். எப்போது கற்றுக்கொண்டாள், மச்சான் எப்போது சொல்லிக்கொடுத்தார், இவனுக்குத் தெரியாமல் அந்த வீட்டில் என்னவெல்லாம் இருந்தது. அவன் பாயை ஏற்றினான். கயிற்றைப் பல்லில் வைக்கவில்லை, கையில் பிடித்தே ஏற்றினான், அதனால் தாமதமானது, அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்ததுபோல் பட்டது. பாய்மர உச்சியில் இழுவை வலையின் ஆரஞ்சு மிதவைப் பந்தைக் கட்டியிருந்தான், படகு சாய்ந்தால் அந்தப் பந்து தண்ணீரில் படுத்துக்கொண்டு முழுசாகப் புரளவிடாமல் பிடிக்க வேண்டும். வேண்டும். பக்கவாட்டில் ஐம்பது லிட்டர் அதிகமோ என்று இப்போது தோன்றியது. பக்கம் ரொம்பத் தூக்கினால் சாய்ந்த படகு உயரமாக மிதக்கும், பலகை கைக்கு எட்டாது, காற்று அதை ஆளைவிட்டு இழுத்துக்கொண்டு போய்விடும். குறைவாக வைத்தால் மூழ்கும், கூட வைத்தால் ஓடிப்போகும். சரியான அளவு ஒன்று எங்கேயோ நடுவில் இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளக் கவிழ்த்துத்தான் பார்க்க வேண்டும், அதில் பாதியை மச்சானோடு போன நாளிலேயே அவன் தெரிந்துகொண்டுவிட்டான். “நடுவுக்கு வந்தாச்சு” என்றாள் பெனிட்டா. பாயை இழுக்கிற தாமான் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கினாள். “கையில சுத்தாதக்கா, மாட்டிக்கிடும்” என்றான். அவள் சுற்றை எடுத்தாள். அப்புறம் இரண்டு பேரும் காற்று தள்ளுகிற பக்கமாகவே சாய்ந்தார்கள். வாழ்நாள் முழுக்கப் படகில் எதைச் செய்யக் கூடாது என்று உடம்பு கற்று வைத்திருக்கிறதோ அதைச் செய்தார்கள். விளிம்பு தண்ணீரைத் தொட்டது, தண்ணீர் உள்ளே எட்டிப் பார்த்தது, ஒரு நொடி அப்படியே நின்றது, வந்தது.

தண்ணீருக்குள் பச்சை வெளிச்சம். காதுக்குள் ஒரு கனமான அமைதி, அதற்கு அடியில் இன்னாசியின் என்ஜின் எங்கேயோ தூரத்து மாவு மில் மாதிரி. பாய் அவன் மேல் படுத்திருந்தது. கையை மேலே நீட்டினால் துணி, பக்கத்தில் நீட்டினால் துணி, எந்தப் பக்கமும் துணி. இதுதான் அது. மச்சானுக்குக் கடைசியில் இப்படித்தான் இருந்திருக்கும், பாய் இருந்திருக்காது, பாய் அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கை தளர்ந்தபோது இவன் இறுக்கிப் பிடித்தான். பிடித்தானா. பிடித்திருந்தான், தோல் நனைந்து ஊறி வழுக்கியது, விரல் ஒவ்வொன்றாக, கடைசியில் கட்டைவிரல் மட்டும். அந்தப் பக்கமிருந்து சத்தமே வரவில்லை, கூப்பிடவில்லை, தண்ணீர் அடிக்கிற சத்தமும் இல்லை. இவன் சுற்றிப் போய்ப் பார்ப்பதற்குள் அங்கே யாரும் இல்லை. கால் எதையோ உதைத்தது, படகின் மரவிளிம்பு, அதைத் தடவிக்கொண்டே போனான், துணி முடிந்தது, தலை வெளியே வந்தது. வெயில் முகத்தில் அறைந்தது. படகு பக்கவாட்டில் படுத்திருந்தது, ஆரஞ்சுப் பந்து தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தது, பாய்மரம் தாழவில்லை. புரளவில்லை. அக்கா எங்கே. “அக்கா” என்று கூப்பிட்டான், குரல் வெளியே வரவில்லை, உப்புத்தான் வந்தது. திரும்பக் கூப்பிட்டான். வள்ளத்தில் இன்னாசி எழுந்து நின்றிருந்தார், கை துண்டுக்குப் போயிருந்தது. பதில் இல்லை. அவள் அந்தப் பக்கம், அவனுக்கு முகம் தெரியாத பக்கம். எண்ண ஆரம்பித்தான், நாலு வரைக்கும் எண்ணினான், ஐந்து வரவில்லை, ஐந்து என்ற சொல்லே மறந்துபோனது. “இங்கதாம்ல இருக்கேன்” என்றாள். நிதானமான குரல். “மூச்சு வாங்கிட்டு இருந்தேன். நீ பலகைக்குப் போ.”

போனான். பலகை மார்பு உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது, எட்டியது, அளவு சரிதான். அதைப் பிடித்துத் தொங்கி, முழங்காலைப் போட்டு, ஏறி நின்றான். அவள் உள்பக்கம் இருக்கையை ஒட்டிப் படுத்துக்கொண்டாள், நிமிரும்போது படகே அவளை அள்ளிக்கொண்டு எழ வேண்டும், அப்படித்தான் பேசி வைத்திருந்தார்கள். விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தான். பாய் தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றது, அப்புறம் ஒரு உறிஞ்சுகிற சத்தத்தோடு விட்டது, படகு எழுந்தது, எழுந்துகொண்டே வந்து சட்டென்று நிமிர்ந்தது. உள்ளே அக்கா தண்ணீருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள், தலைமுடி முகத்தில் ஒட்டியிருந்தது. அவன் பின்பக்கமாக ஏறினான். ஏறினபோது படகு ஒரு பக்கம் சாய்ந்தது, புரளவில்லை. தண்ணீர் இருக்கைக்கு ஒரு சாண் கீழே நின்றது. பலகை ஓட்டையின் வாய் தண்ணீருக்கு மேலே இருந்தது. அணியம் நேராக இருந்தது. விளிம்பு, அவன் கையை வைத்துப் பார்த்தான், ஒரு முழம் வெளியே. “ஆறு நிமிசம்” என்று இன்னாசி கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். “நல்லாச் செஞ்சிருக்கியே தொபியாசு. இது அன்னைக்கு இருந்திருந்தா” என்றவர் பாதியில் நிறுத்தி, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். தொபியாஸ் வாளியை எடுத்து இறைக்க ஆரம்பித்தான். ஒரு வாளி போனால் ஒரு வாளி குறைந்தது. அவ்வளவு சுலபமாக இருந்தது. அது குறைவதைப் பார்த்துக்கொண்டே இறைத்தான், அன்றைக்கு இப்படிக் குறைந்திருக்க வேண்டியது, இருபது வாளி, முப்பது வாளி, இப்போது ஓடு மாற்றிய கூரைக்குக் கீழே பல்வலியோடு உட்கார்ந்து யாரையாவது திட்டிக்கொண்டிருக்க வேண்டியவர். “அக்கா” என்றான், வாளியைப் பார்த்துக்கொண்டே. “அன்னைக்கு கேன் கட்டல. நாந்தான் கழட்டிப் போட்டேன். கூடைக்கு எடமில்லன்னு. மச்சான் கேட்டாவ, கட்டிருக்குன்னு சொல்லிட்டேன்.” சொல்லி முடித்தபோது அது அவ்வளவு சிறியதாக இருந்தது. நாலு வாக்கியம். பதினோரு மாதம் நாலு வாக்கியத்தில் முடிந்துபோனது.

பெனிட்டா முடியைப் பின்னால் தள்ளிக் கொண்டை போட்டாள். காற்று நனைந்த பாயை உதறிக்கொண்டிருந்தது. “கேன் கெடந்தத நான் பாத்தேன்” என்றாள். “சோத்து வாளிய மறந்துட்டுப் போயிட்டாவன்னு எடுத்துட்டு ஓடியாந்தேன். நீங்க எறங்கிட்டிய. கேன் ரெண்டும் மணல்ல கெடந்துச்சி. கேன் கெடக்கு, கேன் கெடக்குன்னு கத்துனேன். நீ முன்னால திரும்பி நின்ன, ஒனக்குக் கேக்கல. அவிய திரும்பிப் பாத்தாவ. கேனையும் பாத்தாவ, என்னையும் பாத்தாவ. போ போன்னு கைய காட்டிட்டுத்தான் சுக்கான மாட்டக் குனிஞ்சாவ.” சட்டை நுனியைப் பிழிந்தாள். “நான் இன்னும் ஒருக்கா கத்திருக்கணும்” என்றாள். “தண்ணியில எறங்கிப் போயிருந்தா இடுப்பளவுதான். கையக் காட்டுனாவளேன்னு வீட்டுக்குப் போயிட்டேன். கேன வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயி மாவு வாளிக்குப் பொறத்தாலே வச்சேன், யாரும் பாத்துரக் கூடாதுன்னு.” வாளி அவன் கையில் அப்படியே நின்றது. அவருக்குத் தெரியும். கேனைப் பார்த்துவிட்டுத்தான், அக்காவுக்குக் கையைக் காட்டிவிட்டுத்தான், சுக்கானை மாட்டிக்கொண்டே, கட்டிருக்கால்ல என்று கேட்டார். தெரிந்தே கேட்டார். இவன் சொன்னதையும் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டு போனார். நல்ல காற்று, அவருக்கும் திரும்ப மனமில்லாமல் இருந்திருக்கும், இவன் கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டால் போய்விடலாம் என்று இருந்திருக்கும், அப்படி இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு நாலு மணி நேரம். பல் வலி, ஓடு, கை வலிக்கிறதா. மணிக்கட்டைப் பிடித்த பிடியில் ஒரு தடவைகூட ஒரு இறுக்கம் இல்லை, ஒரு உதறல் இல்லை. கேனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மன்னித்துவிட்டார் என்று யாராவது சொல்வார்கள், சாமியார் கட்டாயம் சொல்வார். அப்படி இல்லை என்று தொபியாஸின் கைக்குத் தெரிந்தது. படகின் முதுகுக்கு அந்தப் பக்கம், முகம் தெரியாமல், அவர் காத்துக்கொண்டிருந்தார். கை வலிக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார், ஒவ்வொரு தடவையும், இவன் “இல்ல மச்சான்” என்பான், அவர் இன்னும் கொஞ்சம் நிறுத்திவிட்டு வேறு எதையாவது பேசுவார். அந்த நிறுத்தங்கள் எல்லாம் இப்போது ஒன்றன்பின் ஒன்றாகக் காதுக்குள் திறந்தன. இவன் சொல்வான் என்று காத்திருந்தார். நாலு மணி நேரமும் காத்திருந்தார்.

தண்ணீர் வற்றிவிட்டது, வாளி தரையைச் சுரண்டியது. எப்போது மறுபடி இறைக்க ஆரம்பித்தான் என்று அவனுக்கு நினைவில்லை. பெனிட்டா தாமானை இழுத்தாள், பாய் நிறைந்தது, படகு திரும்பியது. கரையைப் பார்த்துத் திரும்பும் என்று எதிர்பார்த்தான், அது கடல் பக்கம் திறந்த கழியின் வாயைப் பார்த்துத் திரும்பியது. “எங்க போற பெனிட்டா, அந்தப் பக்கம் மேடு, அல ஒடையுது” என்று இன்னாசி கத்தினார். அவள் கையைக் காட்டினாள், போங்கள் என்பது போலவும் இருந்தது, வாருங்கள் என்பது போலவும் இருந்தது. இன்னாசி அணைத்து வைத்திருந்த என்ஜினைக் கிளப்ப வார் இழுப்பது கேட்டது, ஒரு தடவை, இரண்டு தடவை, அது இருமி நின்றது. “அந்த எடத்துக்கா?” என்றான் தொபியாஸ். “ம்ஹும். அந்த எடம் ஒனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, கடல்ல ஏது எடம்” என்றாள். “வெளிய ஒருக்கா கவுத்துப் பாக்கணும். அலையில. கழியில மெதந்தா போதுமா?” அவள் முகத்தைப் பார்த்தான். கோபம் என்று எதுவும் இல்லை, அழுகையும் இல்லை, கண்ணை இடுக்கிக்கொண்டு பாயின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள், படகு ஓட்டுகிறவர்கள் பார்ப்பது போல. சட்டையின் நனைந்த கை அவள் மணிக்கட்டில் இறங்கித் தொங்கியது. இங்கே இன்னும் கழுத்தளவுதான் இருக்கும், குதித்தால் நடந்தே கரைக்குப் போய்விடலாம். அடியில் மணல் வரி வரியாகத் தெரிந்தது, ஒரு நண்டு ஓடியது. குதிக்க இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது, இன்னும் கொஞ்சம், என்று உடம்பு எண்ணிக்கொண்டே இருந்தது, அவன் எழுந்து காற்றுப் பக்கத்து விளிம்பில் போய்ப் பாரமாக உட்கார்ந்தான். கழிவாயின் அடிமணல் மேடு வந்தது. பலகையைப் பாதி தூக்கிப் பிடித்தான். முதல் அலை அணியத்தில் மோதி மார்பில் உடைந்தது, இரண்டாவது தூக்கிப் போட்டது, மூன்றாவதில் படகு எதையோ தாண்டியது போலச் சட்டென்று இலகுவானது. கழியின் பச்சை பின்னால் நின்றுவிட்டது. இன்னாசியின் என்ஜின் இன்னும் பிடிக்கவில்லை. “பலகைய எறக்கு” என்றாள் பெனிட்டா. அவன் முழுசாக இறக்கினான். அடியில் எதுவும் தட்டவில்லை.